பழைய ஃபிரேம்வொர்க், பழைய பேக்கேஜ், செக்யூரிட்டி அப்கிரேட்: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

வெப் ப்ராஜெக்ட்ல பழசாப் போன ஃபிரேம்வொர்க்கையும் (ஆப்புக்கு எலும்புக்கூடு மாதிரி இருக்குற ரெடிமேட் கோடு) அதோட ஒட்டிட்டு வர்ற பேக்கேஜையும் (மத்தவங்க எழுதி வச்ச கோடு தொகுப்பு) புது வெர்ஷனுக்கு ஏத்துற வேலைன்னு வந்தாலே ஒரே மாதிரி சந்தேகங்கதான் வருது, புதுசா சேந்தவங்களும் கேக்குறாங்க, வருஷக்கணக்கா கோடு எழுதுறவங்களும் கேக்குறாங்க. அதனால கேட்டவங்க வார்த்தையிலயே கேள்விய போட்டு பதில் எழுதிருக்கேன். நோட், பைத்தான், ஜாவா, ரூபி, பிஎச்பி எதுல இருந்தாலும் விஷயம் ஒண்ணுதான், கமாண்டு மட்டும் மாறும். முடிஞ்சா மேல இருந்து வரிசையா படிங்க, பின்னாடி வர்றது முன்னாடி சொன்னதை வச்சுத்தான் போகுது.

ஆப் நல்லாத்தானே ஓடிட்டு இருக்கு, எதுக்கு சும்மா இருக்கிறத தொட்டு உடைக்கணும்?

நல்லா ஓடுறது வேற, பத்திரமா இருக்குறது வேற. நீங்க ஒரு வரி கூட மாத்தலைன்னாலும், நீங்க வச்சிருக்க வெர்ஷன்ல ஓட்டை இருக்குன்னு வெளிய அறிவிச்ச நிமிஷத்துல இருந்து உங்க ஆப்போட நிலைமை மாறிடுது. ஃபிக்ஸ் ஓப்பன் சோர்ஸ்லதான் வருது, பழைய கோடையும் புது கோடையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ஓட்டை எந்த இடத்துலன்னு தெரிஞ்சவங்களுக்கு புரிஞ்சிடும், அப்புறம் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி இன்டர்நெட் முழுக்க ஒவ்வொரு கதவா தட்டிப் பாக்குறது பெரிய வேலையே இல்ல. நம்ம சைட் சின்னது, யாரு வந்து பாக்கப் போறாங்கன்னு இருக்காதீங்க, அந்த ஸ்கிரிப்ட் சைட்டோட சைஸ பாக்குறதில்ல.

அமெரிக்காவோட கடன் தகவல் கம்பெனி ஈக்விஃபேக்ஸ் விஷயம் இதுக்கு நல்ல உதாரணம். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் ஃபிரேம்வொர்க்ல இருந்த சிவிஇ-2017-5638ங்கிற ஓட்டைக்கு (சிவிஇங்கிறது வெளிய தெரிஞ்ச ஓட்டைக்கு குடுக்குற நம்பர்) 2017 மார்ச் மாசமே பேட்ச், அதாவது ஓட்டைய அடைக்கிற அப்டேட், வந்துடுச்சு. மே மாசம் அதே ஓட்டை வழியா உள்ள புகுந்து சுமார் 14.7 கோடி பேரோட சொந்த விவரத்தை எடுத்துட்டுப் போனாங்க. பேட்ச் கையில இருந்தும் ஒரு சர்வர்ல போடாம விட்டதுதான் காரணம்.

நான் போட்டது இருபது பேக்கேஜ் கூட இருக்காது, ஆடிட்ல (பேக்கேஜ்ல தெரிஞ்ச ஓட்டை இருக்கான்னு தேடுற கமாண்டு) கேள்வியே படாத பேரெல்லாம் வருதே, இதெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?

நீங்க போட்ட ஒவ்வொண்ணும் தனக்கு வேணுங்கிறத இழுத்துட்டு வரும், அது இன்னொண்ண இழுத்துட்டு வரும். நீங்க நேரா போட்டது டைரக்ட் டிபென்டன்சி, அது கூட்டிட்டு வந்தது டிரான்சிட்டிவ் டிபென்டன்சி. எண்ணிக்கைல ரெண்டாவதுதான் எப்பவுமே ரொம்ப அதிகம். லாக் ஃபைல, அதாவது எந்த பேக்கேஜ் எந்த வெர்ஷன்னு பூட்டி வச்சிருக்குற ஃபைல, தொறந்து பாருங்க, நிஜமா ப்ரொடக்‌ஷன்ல ஓடுறது அந்த லிஸ்ட்தான், உங்க பேக்கேஜ் ஃபைல்ல இருக்குற சின்ன லிஸ்ட் இல்ல. லாக் ஃபைல கிட்ல (கோடு மாத்தத்த பதிவு பண்ணி வைக்கிற டூல்) போடாத ப்ராஜெக்ட்டா இருந்தா வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி அத போடுங்க, ஏன்னா எது ஓடுதுன்னே தெரியாம எத சரி பண்றது.

வெர்ஷன்ல மூணு நம்பர் இருக்கே, எது மாறினா பயப்படணும்?

முதல் நம்பர் மாறினா மேஜர், பழைய கோடு உடையலாம்னு அவங்களே சொல்றாங்க. நடு நம்பர்ல புது வசதி, கடைசி நம்பர்ல பக் ஃபிக்ஸ். பேக்கேஜ் ஃபைல்ல கேரட் குறி ^ இருந்தா அதே மேஜருக்குள்ள மேல போகலாம், ~ இருந்தா கடைசி நம்பர் மட்டும் மாறலாம்.

இது ஒரு ஒப்பந்தம்தான், கேரன்டி கிடையாது. ஜேக்வெரிங்கிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி 3.5.0க்கு நடு நம்பர்தான் மாறுச்சு, ஆனா 2020ல அதுல ஒரு எக்ஸ்எஸ்எஸ் ஓட்டைய (வெளியாள் தன் ஸ்கிரிப்ட்ட உங்க பேஜ்ல ஓட்டுறது) அடைக்கிறதுக்காக எச்டிஎம்எல்ல கையாளுற விதத்தையே மாத்தினாங்க, டேக ஒழுங்கா மூடாம எழுதி வச்சிருந்த பல பழைய பேஜ் அதுல கலைஞ்சு போச்சு. ஜாங்கோ, ரெயில்ஸ் மாதிரி சில ஃபிரேம்வொர்க் நம்பர் போடுற முறையும் இதுலேர்ந்து கொஞ்சம் வேற. நம்பர பாத்து தைரியம் வந்தாலும் ரிலீஸ் நோட்ஸ ஒரு தடவை படிச்சுடுங்க.

ஆடிட் ஓட்டினா செவப்பு செவப்பா வருது, தலை சுத்துது. இத எப்படி படிக்கிறது?

மொத்த எண்ணிக்கைய பாக்காதீங்க, அது பயமுறுத்த மட்டும்தான் உதவும். ஒவ்வொரு வரிக்கும் எந்த பேக்கேஜ், எந்த வெர்ஷன் வரைக்கும் பாதிப்பு, எதுல சரியாச்சு, உங்க ஆப்புக்குள்ள அது எந்த வழியா வந்துச்சு, இந்த நாலு மட்டும் பாருங்க.

ஒண்ண எடுத்துப் பாப்போம். நோட்ல ஓடுற எக்ஸ்பிரஸ் ஃபிரேம்வொர்க் 4.17.1 வச்சிருக்க ஒரு ஆப்ல ஆடிட் ஓட்டினா கியூஎஸ்ங்கிற பேக்கேஜ்ல சிவிஇ-2022-24999 வரும். யூஆர்எல்ல கேள்விக்குறிக்குப் பின்னாடி வர்றத பிரிச்சுத் தர்ற சின்ன லைப்ரரி அது. ப்ரோட்டோங்கிற பேர்ல ஒரு கீயும், லெங்த்னு பத்து கோடியும் வச்சு ஒரே ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பினா நோட் ப்ராசஸ் தொங்கிடலாம், லாகின் கூட தேவையில்ல. நோட்டோட பேக்கேஜ் டூல் என்பிஎம்ல, என்பிஎம் எல்எஸ் போட்டு கியூஎஸ்னு குடுத்தா ரெண்டு வழி தெரியும், எக்ஸ்பிரஸ் நேரா இழுக்குறது ஒண்ணு, எக்ஸ்பிரஸ் கூட்டிட்டு வர்ற பாடி பார்சர் இழுக்குறது இன்னொண்ணு. எக்ஸ்பிரஸ 4.17.3க்கு ஏத்தினா ரெண்டும் சேந்து கியூஎஸ் 6.9.7க்கு வந்துடும். ஆக ரெண்டு மூணு செவப்பு வரிக்கு மருந்து ஒரே ஒரு கடைசி நம்பர் மாத்தம். இப்படி கூட்டிப் பாத்தா, பெருசா தெரிஞ்ச லிஸ்ட் பாதிக்கு மேல சுருங்கிடும்.

கிரிட்டிக்கல்னு போட்டிருந்தா உடனே பண்ணணும், லோ-ன்னு போட்டிருந்தா விட்டுடலாம், அவ்ளோதானே?

அவ்ளோதான் இல்ல. கிரிட்டிக்கல், லோ-ன்னு பிரிக்கிற அந்த 10க்கு இவ்ளோங்கிற ஸ்கோர், ஓட்டை எவ்ளோ மோசம்னு பொதுவா சொல்றது, உங்க ஆப்ல அது எட்டுற இடத்துல இருக்கான்னு அதுக்குத் தெரியாது. பில்டு பண்றப்ப மட்டும் ஓடுற டூல்ல ஒரு ரெகெக்ஸ் (எழுத்து தேடுற பேட்டர்ன்) பிரச்சனை 7.5 வாங்கிருக்கும், வெளியாள் யாரும் அதுக்கு இன்புட் குடுக்கவே முடியாது. இன்னொரு பக்கம் மீடியம்னு வந்தது உங்க லாகின் பேஜ்லயே உக்காந்திருக்கும். அதுக்காக டெவ் டிபென்டன்சிய, அதாவது இப்படி டெவலப்மென்ட்டுக்கு மட்டும் வேணுங்கிற பேக்கேஜ, மொத்தமா ஒதுக்கிடாதீங்க, அது உங்க சிஐ சர்வர்ல (கோட தானா பில்டு, டெஸ்ட் பண்ற சர்வர்) ஓடுது, அங்கதான் டெப்ளாய் கீ எல்லாம் இருக்கு.

நான் பாக்குற வரிசை இதுதான். நிஜத்துல யாராவது இத வச்சு தாக்கிட்டு இருக்காங்களா, லாகின் இல்லாமலே வெளிய இருந்து எட்டுமா, அப்புறம்தான் ஸ்கோர். முதல் கேள்விக்கு அமெரிக்காவோட சைபர் பாதுகாப்பு அமைப்பு சிசா 2021லேர்ந்து நடத்துற கேஇவி லிஸ்ட் இருக்கு, ஏற்கனவே தாக்குதல்ல பயன்பட்ட ஓட்டைங்க மட்டும்தான் அதுல வரும். உங்க பேக்கேஜ் அதுல இருந்தா மீட்டிங் போட்டு பேசிட்டு இருக்காதீங்க, அன்னிக்கே பண்ணுங்க.

ஆடிட் ஃபிக்ஸ், கூட ஃபோர்ஸ் போட்டா எல்லாமே சரியாயிடுமே, ஏன் கஷ்டப்படணும்?

ஃபோர்ஸ் இல்லாத ஆடிட் ஃபிக்ஸ் பரவாயில்ல, நீங்க அனுமதிச்ச ரேஞ்சுக்குள்ளதான் ஏத்தும், ஓட்டிட்டு லாக் ஃபைல் டிஃப் (எது மாறுச்சுங்கிறது) பாத்துட்டு கமிட் பண்ணலாம், அதாவது கிட்ல பதிவு பண்ணலாம். ஃபோர்ஸ் போட்டா மேஜர் வெர்ஷனையும் தாண்டும், சில சமயம் செவப்ப போக்குறதுக்காக ஒரு பேக்கேஜ பழைய மேஜருக்கே இறக்கி வச்சிடும், ஸ்கிரீன் பச்சையாயிடும், ஆப் உடைஞ்சிருக்கும். எது ஏன் மாறுச்சுன்னு ஒரே கமிட்ல கண்டுபிடிக்கவும் முடியாது. ஒரு கமிட்டுக்கு ஒரு பேக்கேஜ், இல்ல சேந்தே போக வேண்டிய ஒரு குடும்பம், அப்படி வைங்க.

ஓட்டை நான் போட்ட பேக்கேஜ்ல இல்ல, அதுக்குள்ள இருக்குற பேக்கேஜ்ல. மேல உள்ளவர், அதாவது நான் போட்ட பேக்கேஜ எழுதினவர், அப்டேட்டே விடல. என்ன பண்றது?

முதல்ல லாக் ஃபைல்ல அந்த உள் பேக்கேஜ மட்டும் புதுப்பிச்சுப் பாருங்க, நெறைய சமயம் மேல உள்ளவர் குடுத்த ரேஞ்சே புது வெர்ஷன ஏத்துக்கும், உங்க லாக் ஃபைல்தான் பழசுல நிக்கும். அது ஆகலைன்னா என்பிஎம்ல ஓவர்ரைட்ஸ், யார்ன்ல ரெசல்யூஷன்ஸ், மேவன்ல டிபென்டன்சி மேனேஜ்மென்ட்ல நேரா வெர்ஷன குறிப்பிட்டு கட்டாயப்படுத்தலாம். அதே மேஜருக்குள்ளன்னா பெரும்பாலும் பிரச்சனை வராது, மேஜர் தாண்டினா மேல உள்ள பேக்கேஜோட வேலைய நீங்கதான் டெஸ்ட் பண்ணணும். போட்ட ஓவர்ரைடு பக்கத்துல ஏன் போட்டோம், எப்ப எடுக்கலாம்னு எங்கயாவது எழுதி வைங்க, இல்லன்னா நாளைக்கு அதுவே உங்கள பழைய வெர்ஷன்ல கட்டிப் போட்டுடும்.

மேல உள்ள பேக்கேஜுக்கு வருஷக்கணக்கா ரிலீஸே இல்லன்னா, அத மாத்துறதுக்கு வேற ஒண்ணு தேட ஆரம்பிச்சிடுங்க.

எங்க ஃபிரேம்வொர்க் மூணு நாலு மேஜர் பின்னாடி இருக்கு. நேரா கடைசி வெர்ஷனுக்குத் தாவலாமா?

தாவாதீங்க. ஒவ்வொரு மேஜரும் அதுக்கு முந்தினத வச்சிருக்கவங்களுக்குத்தான் வழிகாட்டி எழுதுது, எது போகப் போகுதுன்னு வார்னிங் முந்தின வெர்ஷன்லதான் வரும், தாவிட்டா அந்த வார்னிங் எதையும் பாக்காம நேரா எரர்ல போய் விழுவீங்க. ரெயில்ஸ் டாக்குமென்டேஷனே ஒவ்வொரு மைனர் வெர்ஷனா ஏறச் சொல்லுது. முதல்ல இருக்குற மேஜரோட கடைசி பேட்சுக்குப் போங்க, அங்கயே டெப்ரிகேஷன் வார்னிங் எல்லாத்தையும் சரி பண்ணுங்க, டெப்ளாய் பண்ணுங்க, சில நாள் ஓட விடுங்க, அப்புறம் அடுத்த படி.

ஜாங்கோல இது ரொம்ப சுத்தமா இருக்கும். பைத்தான கமாண்டுல டபிள்யூஏ ஃபிளாக் போட்டு டெஸ்ட் ஓட்டினா மறைஞ்சிருக்க வார்னிங் எல்லாம் வெளிய வரும். 4.2ல இருந்து 5.2க்குப் போறவங்க ஒண்ண கவனிங்க, ஜாங்கோ 5.0க்கு பைத்தான் 3.10 ஆவது வேணும், ஆனா 4.2 பழைய பைத்தான்லயும் ஓடும் புது பைத்தான்லயும் ஓடும். அதனால 4.2ல இருக்கும்போதே பைத்தான மட்டும் ஏத்தி டெப்ளாய் பண்ணிடுங்க, ஃபிரேம்வொர்க்க அப்புறம் ஏத்துங்க. ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணி ஏதாவது உடைஞ்சா எதுனாலன்னு தெரியாது.

ஸ்பிரிங் பூட் 3ம் இதே கதைதான், 2022 நவம்பர்ல வந்தது, ஜாவா 17 வேணும், ஜாவாக்ஸ்னு ஆரம்பிக்கிற இம்போர்ட் நெறைய ஜகார்தான்னு மாறுது. பேர மாத்துறது டூல் வச்சே பண்ணிடலாம், நேரம் திங்கிறது அந்தப் பேர் மாத்தத்துக்கு இன்னும் வராத மூணாம் பார்ட்டி லைப்ரரிங்கதான். அதனால முதல் வேலையா 2.7ல நின்னுட்டு, நீங்க வச்சிருக்க ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஜகார்தா வெர்ஷன் இருக்கான்னு ஒரு லிஸ்ட் போடுங்க, எவ்ளோ நாள் ஆகும்னு அந்த லிஸ்ட்தான் சொல்லும்.

டெஸ்ட்டே இல்லாத பழைய ப்ராஜெக்ட், எழுதினவர் வேலைய விட்டே போயிட்டார். எந்த தைரியத்துல ஏத்துறது?

முழுசா டெஸ்ட் எழுதிட்டு அப்புறம் ஏத்தலாம்னு நினைச்சா அது நடக்கவே நடக்காது. உடைஞ்சா உடனே போன் வர்ற வழிங்க எதெதுன்னு பாருங்க, லாகின், பாஸ்வேர்ட் ரீசெட், பணம் கட்டுற இடம், ஃபைல் அப்லோடு, ராத்திரி ஓடுற ஜாப். அந்த அஞ்சாறுக்கு மட்டும் பிரவுசர ஓட்டுற டெஸ்ட் எழுதுங்க. இன்னொரு நல்ல வழி, பழைய வெர்ஷன்ல முக்கியமான யூஆர்எல் எல்லாத்தோட ரெஸ்பான்ஸையும் ஃபைல்ல சேவ் பண்ணி வச்சுட்டு, ஏத்தினப்புறம் திரும்ப எடுத்து டிஃப் பாக்குறது. தேதி ஃபார்மட் மாறினது, குக்கீல ஒரு ஃபிளாக் கூடினது, நல் வந்த இடத்துல காலி ஸ்டிரிங் வந்தது, இதெல்லாம் யாரும் டெஸ்ட்ல நினைச்சு எழுத மாட்டாங்க, டிஃப்ல பளிச்சுன்னு தெரியும்.

ரோல்பேக்கும் (பழைய வெர்ஷனுக்கே திரும்புறது) ஒரு தடவை ஸ்டேஜிங்ல (நிஜ சர்வர் மாதிரியே வச்ச டெஸ்ட் சர்வர்) ஓட்டிப் பாத்துடுங்க. கோடு பின்னாடி போயிடும், டேட்டாபேஸ் மைக்ரேஷன், அதாவது டேபிள் அமைப்புல பண்ண மாத்தம், தானா பின்னாடி போகாது.

எங்க வெர்ஷனுக்கு சப்போர்ட் முடிஞ்சு ரொம்ப நாள் ஆச்சு, ஆனா ஆடிட்ல ஒண்ணுமே காட்டல. அப்ப சேஃப்தானே?

இதுதான் எனக்கு ரொம்ப கவலையான கேள்வி, ஏன்னா கேக்குறவங்க நிம்மதியா இருப்பாங்க. சப்போர்ட் முடிஞ்ச வெர்ஷன்ல புது ஓட்டை இருக்கான்னு பெரும்பாலும் யாரும் பாக்குறதே இல்ல. புது வெர்ஷன்ல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சா சப்போர்ட்ல இருக்குற வெர்ஷனோட பேர மட்டும்தான் பல டீம் அறிவிப்புல போடும், உங்க பழசுலயும் அதே கோடு இருக்கலாம், ஆனா ஆடிட்டோட லிஸ்ட்ல வராது. பச்சையா இருக்குன்னா ஓட்டை இல்லன்னு அர்த்தம் இல்ல, யாரும் சோதிக்கலைன்னும் அர்த்தம் இருக்கலாம்.

ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2021 டிசம்பரோட சப்போர்ட் முடிஞ்சுது, வியூ 2க்கு 2023 டிசம்பரோட. இந்த ரெண்டுலயும் இன்னும் நெறைய ஆப் ஓடுது. உடனே மாத்த முடியலைன்னா காசு வாங்கிட்டு பழைய வெர்ஷனுக்கு பேட்ச் தர்ற கம்பெனிங்க இருக்கு, அது நேரம் வாங்கித் தரும், மாத்துற வேலைய தள்ளிப் போட மட்டும்தான் முடியும். லாரவெல் மாதிரி ஒவ்வொரு ரிலீஸுக்கும் ரெண்டு வருஷம் செக்யூரிட்டி ஃபிக்ஸ்னு தேதியோட சொல்ற ஃபிரேம்வொர்க்கா இருந்தா, அந்தத் தேதிய காலண்டர்ல ஆறு மாசம் முன்னாடியே போட்டு வைங்க.

புதுசு வந்த உடனே ஏத்தினா அதுலயே வைரஸ் இருக்குன்னு சொல்றாங்களே, அப்ப பழசுலயே இருக்குறது நல்லதில்லையா?

பயம் நியாயமானதுதான். 2025 செப்டம்பர்ல சாக், டீபக் மாதிரி எல்லா ப்ராஜெக்ட்லயும் இருக்குற என்பிஎம் பேக்கேஜுங்கள பராமரிக்கிறவரோட அக்கவுண்ட ஃபிஷிங் மெயில் போட்டு பிடிச்சு, கெட்ட கோடோட வெர்ஷன் விட்டாங்க, சில மணி நேரத்துல எடுத்துட்டாங்க. அந்த சில மணி நேரத்துல கண்ண மூடிட்டு லேட்டஸ்ட்ட இழுத்தவங்களுக்குத்தான் ஆபத்து.

அதுக்குப் பதில் பழசுலயே இருக்குறது இல்ல, ரெண்டு வகையா பிரிக்கிறது. சாதாரண அப்டேட்டுக்கு சில நாள் காத்திருங்க, பிஎன்பிஎம்லயும் (என்பிஎம் மாதிரி இன்னொரு டூல்) ரெனோவேட்லயும் (அப்டேட்ட தானா எடுத்துத் தர்ற பாட்) மினிமம் ரிலீஸ் ஏஜ்னு செட்டிங்கே இருக்கு. தாக்குதல் நடந்துட்டு இருக்குற ஓட்டைக்கான பேட்ச்ச மட்டும் காத்திருக்காம, ரிலீஸ் நோட்ஸ் பாத்து, டிஃப் பாத்து, அன்னிக்கே போடுங்க. சிஐ சர்வர்ல என்பிஎம் இன்ஸ்டால் போடாம என்பிஎம் சிஐங்கிற கமாண்டு போடுங்க, லாக் ஃபைல்ல இருக்கிறது மட்டும்தான் வரும், புதுசா எதுவும் நுழையாது.

பேட்ச் போட ரெண்டு மூணு நாள் ஆகும், அதுவரைக்கும் சும்மா இருக்குறதா?

அறிவிப்புலயே தற்காலிக வழி குடுத்திருக்காங்களான்னு முதல்ல பாருங்க. 2025 மார்ச்ல நெக்ஸ்ட் ஜேஎஸ் ஃபிரேம்வொர்க்ல சிவிஇ-2025-29927 வந்தப்ப, எக்ஸ்-மிடில்வேர்-சப்ரிக்வெஸ்ட்ங்கிற ஒரு ஹெடர வெளிய இருந்து அனுப்பினாலே மிடில்வேர்ல (ரிக்வெஸ்ட் பேஜுக்குப் போறதுக்கு முன்னாடி ஓடுற கோடு) வச்ச லாகின் செக்க தாண்டிடலாம்னு ஆச்சு. 14.2.25, 15.2.3ல சரி பண்ணாங்க, உடனே ஏத்த முடியாதவங்க அந்த ஹெடரோட வர்ற ரிக்வெஸ்ட்ட முன்னாடி இருக்குற ப்ராக்ஸிலயே தடுக்கச் சொன்னாங்க. அந்த மாதிரி துல்லியமான வழி இருந்தா தைரியமா போடுங்க. அதோட, மிடில்வேர் செக்க மட்டும் நம்பாம டேட்டா எடுக்குற இடத்துலயும் ஒரு செக் வச்சிருந்தவங்களுக்கு இந்த ஓட்டைல பெருசா எதுவும் ஆகிருக்காது.

வேஃப்ல (ஆப்புக்கு முன்னாடி நின்னு தப்பான ரிக்வெஸ்ட்ட தடுக்குற ஃபயர்வால்) ரூல் போட்டாச்சு, முடிஞ்சுதுன்னு டிக்கெட்ட மட்டும் மூடிடாதீங்க. 2021 டிசம்பர்ல லாக்4ஜேங்கிற ஜாவா லாகிங் லைப்ரரில ஓட்டை வந்தப்ப ஒரு செட்டிங்க மாத்தினா போதும்னு முதல்ல சொன்னாங்க, பின்னாடி அது போதாதுன்னு ஆச்சு. பேட்ச்சே 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1ன்னு அதே மாசத்துல நாலு வந்துச்சு. பெரிய ஓட்டை வந்தா முதல் பேட்ச் போட்டப்புறமும் ரெண்டு வாரம் அந்த அறிவிப்பு பேஜ திரும்பத் திரும்ப பாருங்க.

ஏத்திட்டேன், டெப்ளாயும் பண்ணிட்டேன், ஸ்கேனர் இன்னும் பழச காட்டுதே?

மேல கியூஎஸ் உதாரணத்துல சொன்ன மாதிரி ஒரே பேக்கேஜ் ரெண்டு வழியா வந்திருக்கும், ஒண்ணு ஏறிருக்கும் இன்னொண்ணு நிக்கும். இல்லன்னா டாக்கர் இமேஜ் பழைய கேஷ் லேயர்லேர்ந்து பில்டு ஆகிருக்கும், கேஷ் இல்லாம ஒரு தடவை பில்டு பண்ணிப் பாருங்க. ஜாவால ஒரு ஜார் ஃபைலுக்குள்ள (ஜாவா கோடு பொட்டலம்) இன்னொரு ஜார மொத்தமா அடைச்சு வச்சிருப்பாங்க, அத டிபென்டன்சி லிஸ்ட்ல பாக்கவே முடியாது. யாரோ எப்பவோ டெம்ப்ளேட்ல சிடிஎன் லிங்க்கா, அதாவது வெளி சர்வர்லேர்ந்து நேரா இழுக்குற மாதிரி, போட்ட ஜேக்வெரியும் இப்படித்தான், எந்த லாக் ஃபைல்லயும் இருக்காது.

இன்னொரு வகை நேர் எதிரா இருக்கும், நிஜமாவே சரியாயிருக்கும், ஸ்கேனர்தான் தப்பா சொல்லும். டெபியன், ரெட் ஹேட் மாதிரி லினக்ஸ் டிஸ்ட்ரோ கூட வர்ற பேக்கேஜ்ல ஃபிக்ஸ மட்டும் எடுத்து பழைய வெர்ஷன்லயே ஒட்டுவாங்க, முன்னாடி நம்பர் மாறாது, கடைசில அவங்க போடுற சின்ன ஒட்டு நம்பர்தான் மாறும். நம்பர மட்டும் பாக்குற ஸ்கேனர் கத்தும். அந்த டிஸ்ட்ரோவோட செக்யூரிட்டி பேஜ்ல சிவிஇ நம்பர போட்டு தேடிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

டிபென்டபாட் (பேக்கேஜ் அப்டேட்ட தானா அனுப்புற பாட்) புல் ரிக்வெஸ்ட் (இந்த மாத்தத்த சேத்துக்கோங்கன்னு வர்ற கோரிக்கை) குவிஞ்சு கெடக்கு, மேனேஜர் இதுக்குன்னு டைம் தர மாட்டேங்கிறார். என்ன பண்ணலாம்?

பாட்ட குரூப் பண்ண வைங்க, பேட்சும் மைனரும் வாரத்துக்கு ஒரே புல் ரிக்வெஸ்ட்டா வரட்டும், டெஸ்ட் பாஸ் ஆனா மெர்ஜ். மேஜர் மட்டும் தனித்தனியா. வாரம் கொஞ்ச நேரம் போதும், அது இருந்தா வருஷக் கடைசில மலை மாதிரி நிக்காது.

மேனேஜர் கிட்ட நூத்தி நாப்பது ஓட்டைன்னு ரிப்போர்ட் காட்டினா அவருக்கு ஒண்ணும் புரியாது. லாகின் இல்லாம யார் வேணாலும் ஒரு ரிக்வெஸ்ட்ல நம்ம சர்வர நிறுத்தலாம், சரி பண்ண அரை நாள்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. பண்ண வேணாம்னு சொன்னாங்கன்னா அதையும் யார் சொன்னது, எப்ப திரும்ப பாக்குறதுன்னு டிக்கெட்ல எழுதச் சொல்லுங்க. எழுதணும்னு வந்தா பெரும்பாலும் டைம் கெடச்சிடும்.

ஏத்துறதுக்கு முன்னாடியே யாராவது உள்ள புகுந்திருந்தா? பேட்ச் போட்டா அவங்க வெளிய போயிடுவாங்களா?

போக மாட்டாங்க. பேட்ச் அடைக்கிறது புகுந்த வழிய மட்டும்தான். அவங்க வச்சுட்டுப் போன ஃபைல், புதுசா சேத்த அட்மின் யூசர், கிரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓடுற வேலை லிஸ்ட்) போட்ட ஒரு வரி, எடுத்துட்டுப் போன டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், எல்லாம் அப்படியே இருக்கும்.

2025 டிசம்பர்ல ரியாக்ட் சர்வர் காம்போனென்ட்ஸ்ல வந்த சிவிஇ-2025-55182 இந்த வகை, ஸ்கோர் 10க்கு 10, லாகின் இல்லாம சர்வர்ல கோடு ஓட்டலாம், வெளிய வந்த சில நாள்லயே தாக்குதல் ஆரம்பிச்சிடுச்சு. அந்த மாதிரி ஓட்டையோட உங்க சர்வர் இன்டர்நெட்ல நின்னிருந்தா, அறிவிப்பு வந்த நாள்லேர்ந்து நீங்க பேட்ச் போட்ட நாள் வரைக்கும் சர்வர் எழுதி வச்ச லாக (நடந்ததோட பதிவு, முன்னாடி சொன்ன லாக் ஃபைல் இல்ல) எடுத்துப் பாருங்க, ஆப்போட ப்ராசஸ் ஷெல் எதையாவது கெளப்பிருக்கா, தெரியாத ஐபிக்கு வெளிய பேசிருக்கான்னு தேடுங்க. சந்தேகம் இருந்தா அந்த மெஷின துடைச்சு சுத்தம் பண்ணப் பாக்காம, லாகுக்காக ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு புது இமேஜ்லேர்ந்து எழுப்புங்க. சர்வரோட என்விரான்மென்ட்ல இருந்த டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், ஏபிஐ கீ, செஷன் சீக்ரெட் எல்லாத்தையும் மாத்துங்க. பேட்ச் போட்டப்புறம் மாத்தணும், முன்னாடி மாத்தினா புதுசையும் அதே வழில எடுத்துட்டுப் போயிடுவாங்க.